நெட் போச்சா, ப்ராக்ஸி விழுந்ததா? ஸ்குவிட் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்தவர்களுக்கு

சேலத்தில் கருப்பூர் பக்கமோ ஓமலூர் ரோட்டிலோ ஒரு கல்லூரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்கிறீர்கள். அல்லது ஏற்காட்டில், விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில். சேர்ந்த வாரத்திலேயே யாராவது ஒருவர் சர்வர் ரூம் சாவியைக் கையில் கொடுத்து, "நெட்டையும் நீங்களே பார்த்துக்குங்க" என்று சொல்லிவிடுவார். உள்ளே போனால் மேஜைக்கு அடியில் ஒரு பழைய கணினி தூசியோடு ஓடிக்கொண்டிருக்கும். அதில் லினக்ஸ், அதன் மேல் ஸ்குவிட் ப்ராக்ஸி. யார் போட்டது, எப்போது போட்டது என்று கேட்டால் பதில் வராது. "அது பாட்டுக்கு ஓடுதுங்க, கைய வெக்காதீங்க" என்பார்கள். அவ்வளவுதான் உங்களுக்குக் கிடைக்கும் ஆவணம்.

அதில் கை வைத்தே ஆக வேண்டும். எங்கே, எந்த வரிசையில் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டளைகளையும் அமைப்பு வரிகளையும் ஒலிப்பைப் பார்த்துத் தமிழ் எழுத்தில் கொடுக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

முதலில் ஸ்குவிட் பற்றி நாலு வரி. ஹார்வெஸ்ட் என்ற ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து 1996இல் பிரிந்து வந்த இலவச மென்பொருள் இது. உங்கள் வளாகத்துக் கணினிகள் எல்லாம் நேராக இணையத்துக்குப் போகாமல் இதனிடம் கேட்கும். இது வெளியே போய் வாங்கி வந்து கொடுக்கும். வழக்கமாக 3128 என்ற போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்தில் மெதுவான லைனில் ஒரே பக்கத்தை நாற்பது பேர் திறக்கும்போது ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுப்பதற்காகப் போட்டார்கள். இன்று தளங்கள் எல்லாம் குறியாக்கத்தோடு வருவதால் அந்தச் சேமிப்பால் பெரிய லாபம் இல்லை. எந்தத் தளத்தை விடுவது, எதைத் தடுப்பது, யார் எங்கே போனார்கள் என்று பதிவு வைப்பது, இதற்காகத்தான் பெரும்பாலான இடங்களில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே வாசல் ஒன்றே ஒன்று. அது மூடிக்கொண்டால் நூறு கணினிக்கும் ஒரே நேரத்தில் இணையம் இல்லை. சேவை மறுப்புத் தாக்குதல் என்று சொல்வது இதைத்தான். கடவுச்சொல் திருட்டு, கோப்பு திருட்டு எதுவும் இருக்காது. வாசலை மட்டும் மூடிவிடுவார்கள். "திருட்டுப் போகலையே, அப்புறம் என்ன?" என்று மேலிடத்தில் கேட்பார்கள். ஹால் டிக்கெட் இறக்கும் நாளில் ஒரு மணி நேரம் மூடிக்கிடந்தால் அவர்களே வந்து நிற்பார்கள்.

இரண்டு விதமாக மூடலாம். ஒன்று, கூட்டம் சேர்த்து நெருக்குவது: ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் திறந்து சர்வரைத் திணற வைப்பது. இன்னொன்று, மென்பொருளில் இருக்கும் ஓட்டையைப் பிடித்து ஒரே ஒரு கோரிக்கையில் விழ வைப்பது. இரண்டாவதற்கு ஆள்பலமும் வேண்டாம், வேகமான லைனும் வேண்டாம். நான் அதிகம் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

ஒரே கோரிக்கையில் எப்படி விழும்?

சிவிஇ-2024-25111 என்ற எண்ணுள்ள குறைபாட்டை எடுத்துக்கொள்வோம். சிவிஇ என்பது மென்பொருளில் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது அடையாள எண். புதியவர்கள் இதை ஒன்றை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகப் புரியும்.

ஒரு தளம் பக்கத்தை அனுப்பும்போது மொத்த அளவு முன்கூட்டியே தெரியாவிட்டால், துண்டு துண்டாக அனுப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் அளவு இருக்கும். கடைசியில் பூஜ்ஜியம் அளவுள்ள துண்டு வந்தால் முடிந்தது என்று பொருள். ஸ்குவிட் இந்தத் துண்டுகளைப் பிரித்துப் படிக்க வேண்டும். 3.5.27 பதிப்பு தொடங்கி 6.8க்கு முந்தைய பதிப்புகள் வரை, இதைப் படிக்கும் நிரல் தன்னைத் தானே மறுபடி மறுபடி அழைக்கும்படி எழுதப்பட்டிருந்தது. எத்தனை முறை அழைக்கலாம் என்பதற்கு வரம்பு வைக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தட்டுவடை செட் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாப்பிட்டு முடித்த தட்டை எடுக்காமல் அதன் மேலேயே அடுத்த தட்டை வைக்கிறார்கள். பத்துத் தட்டு வரை தாங்கும். யாராவது வேண்டுமென்றே ஒரு விள்ளல் விள்ளலாக ஆயிரம் தட்டு கேட்டால் அடுக்கு சரிந்து மேஜையோடு போகும். கணினி நினைவகத்திலும் இப்படி ஓர் அடுக்கு உண்டு, அதற்கும் உயர வரம்பு உண்டு. துண்டுகளைத் திட்டமிட்டு வடிவமைத்து அனுப்பினால் அந்த வரம்பு தாண்டும். இயக்கமுறைமை ஸ்குவிட்டைக் கொன்றுவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தத் துண்டுகள் வெளியிலிருக்கும் ஒரு தளத்தின் பதிலாகவும் வரலாம். அதாவது மாணவர் ஒருவர் தெரியாமல் ஒரு மோசமான தளத்தைத் திறந்தாலே போதும். "எங்க ப்ராக்ஸி உள்ளேதாங்க இருக்கு, வெளியாள் யாரும் தொட முடியாது" என்ற சமாதானம் இங்கே செல்லாது. அமைப்புக் கோப்பில் ஏதாவது வரி போட்டுத் தப்பிக்கவும் இதற்கு வழி கிடையாது. 6.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, இல்லாவிட்டால் உங்கள் லினக்ஸ் வெளியீட்டாளர் பழைய பதிப்பிலேயே ஒட்டுப்போட்டுக் கொடுத்தது, இரண்டில் ஒன்றுதான் மருந்து.

இது ஒன்று மட்டும் இல்லை. ஜோஷுவா ரோஜர்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2021இல் ஸ்குவிட்டைத் துருவிப் பார்த்து 55 குறைகளைக் கண்டுபிடித்தார். 2023 அக்டோபரில் அவர் அந்தப் பட்டியலை வெளியிட்டபோது 35 இன்னும் சரிசெய்யப்படாமல் இருந்தன. ஸ்குவிட் குழுவைத் திட்டுவதில் அர்த்தமில்லை. உலகம் முழுக்க ஓடும் ஒரு மென்பொருளை ஒரு சிலர் சேர்ந்து பராமரிக்கிறார்கள், ஆள் போதவில்லை. அதற்குப் பிறகு வந்த 6.4, 6.5, 6.6, 6.8, 6.10 பதிப்புகளில் வரிசையாகப் பல ஓட்டைகளை அடைத்தார்கள். உங்கள் மேஜைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்கு அந்த அடைப்புகள் வந்து சேர்ந்தனவா என்பதுதான் கேள்வி.

நெட் போனதும் முதல் பத்து நிமிடம்

ஏற்காட்டில் இணையம் நின்றால் எல்லோருடைய சந்தேகமும் மலைப்பாதைக் கேபிள் மேல்தான் போகும். 20 கொண்டை ஊசி வளைவு, சித்திரை இடி, ஐப்பசி மழை, சாய்ந்த மரம் என்று காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. லைன் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டு அடிவாரத்திலிருந்து ஆள் வரட்டும் என்று காத்திருப்பார்கள். பாதி நாள் போன பிறகு லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரியவரும். இதைத் தவிர்க்கச் சின்னச் சோதனைகள் போதும்.

ப்ராக்ஸி வழியாகப் போகாத ஒரு கருவியை எடுங்கள். அலுவலக வைஃபையில் இருக்கும் உங்கள் போனாக இருக்கலாம், ரவுட்டரில் நேராகச் செருகிய மடிக்கணினியாக இருக்கலாம். அதில் இணையம் வந்தால் கேபிளை விட்டுவிடுங்கள். அடுத்து லேப் கணினியில் பிரவுசர் என்ன சொல்கிறது என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். தளத்தைக் காணவில்லை என்பது ஒன்று. ப்ராக்ஸி இணைப்பை மறுக்கிறது என்பது வேறொன்று. ஃபயர்பாக்ஸ் இரண்டாவதைத் தெளிவாகவே சொல்லும். "சார், நெட் போச்சு" என்று வந்து நிற்கும் மாணவரிடம் திரையைப் போட்டோ எடுத்து வரச் சொல்லிப் பழக்குங்கள். உங்கள் வேலை பாதியாகக் குறையும்.

இப்போது ப்ராக்ஸி கணினிக்கு வாருங்கள். "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் ஸ்குவிட்" என்று தட்டினால் ஓடுகிறதா நின்றதா, எப்போதிலிருந்து ஓடுகிறது என்று தெரியும். 'எப்போதிலிருந்து' என்பதைத் தவறாமல் பாருங்கள். பச்சையாக இருப்பதைப் பார்த்து நிம்மதியடைந்துவிட வேண்டாம். ஸ்குவிட்டில் ஒரு தாய்ச் செயலி உண்டு, வேலை செய்யும் பிள்ளைச் செயலி உண்டு. பிள்ளை விழுந்தால் தாய் உடனே எழுப்பிவிடும். அதனால் ஓட்டையால் விழும் ப்ராக்ஸி முழுதாக நிற்காமல், போய்ப் போய் வருகிற மாதிரி தெரியும். இறக்கிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்துவிடும், தளத்தில் நிரப்பிய படிவம் போய்விடும், ஆனால் அரை நிமிடம் கழித்து எல்லாம் சரியாக இருக்கும். எழுந்த சில விநாடிகளுக்குள் மறுபடி மறுபடி விழுந்தால், இனி எழுப்பிப் பயனில்லை என்று பதிவில் எழுதிவிட்டுத் தாயும் நின்றுவிடும்.

பதிவுகளைப் பார்க்க இரண்டு இடம். கணினியின் பொதுப் பதிவில், அதாவது ஜர்னல்சிடிஎல் காட்டும் பதிவில், பிள்ளைச் செயலி சிக்னல் 11 ஆல் முடிந்தது என்று வரி இருந்தால், நினைவகத்தில் தொடக் கூடாத இடத்தைத் தொட்டுச் செத்தது என்று பொருள். சிக்னல் 6 என்றால், உள்ளே ஏதோ நடக்கக் கூடாதது நடந்துவிட்டதென்று ஸ்குவிட் தானே தன்னை நிறுத்திக்கொண்டது. இரண்டாவது இடம், வார் அடைவுக்குள் லாக், அதற்குள் ஸ்குவிட், அதில் கேச் டாட் லாக் என்ற கோப்பு. அதில் "அசர்ஷன் ஃபெயில்டு" என்று தேடுங்கள். அப்புறம், ஸ்குவிட் இந்தப் பதிப்பில் தொடங்குகிறது என்ற வரி ஒரே நாளில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். நீங்கள் நிறுத்தித் தொடங்காமலே பலமுறை வந்திருந்தால் அது விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது.

அதே கேச் டாட் லாக்கில், கோப்பு விவரிப்பிகள் (ஃபைல் டிஸ்கிரிப்டர், திறந்திருக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் கோப்புக்கும் கணினி கொடுக்கும் எண்) தீர்ந்துகொண்டிருக்கின்றன என்ற எச்சரிக்கை இருந்தால் விஷயம் வேறு. அது இணைப்பு நெருக்கடி. தாக்குதலாகவும் இருக்கலாம், ஐம்பது பேர் இருந்த இடத்தில் முந்நூறு பேர் வந்துவிட்டதாலும் இருக்கலாம். மேக்ஸ்_ஃபைல்டிஸ்கிரிப்டர்ஸ் என்ற வரியில் எண்ணைக் கூட்டினால் பெரும்பாலும் தீரும்.

புதியவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். யார் விழவைத்தார்கள் என்று ஆக்சஸ் டாட் லாக் கோப்பில் தேடப் போவீர்கள். அதில் கடைசி வரியில் இருப்பவர்தான் குற்றவாளி என்று முடிவு கட்ட வேண்டாம். ஸ்குவிட் ஒரு கோரிக்கை முடிந்த பிறகுதான் அதில் எழுதும். அதைக் கொன்ற கோரிக்கை முடியவே இல்லை, ஆகவே பெரும்பாலும் பதிவில் இருக்காது. கடைசி வரியில் இருப்பது பாவம், அதற்கு முன்னால் ஒழுங்காக வேலை முடித்துப் போன யாரோ. ஒரு பையனைக் கூப்பிட்டு விசாரிக்கும் முன் இதை நினைவில் வையுங்கள். அந்தக் கோப்பில் நேரம் 1970 ஜனவரி 1இலிருந்து கடந்த விநாடிகளாக இருக்கும். மற்றப் பதிவுகளோடு ஒப்பிடும் முன் மாற்றிக்கொள்ள வேண்டும்.

என்ன பதிப்பு வைத்திருக்கிறோம்?

"ஸ்குவிட் -வி" என்று தட்டினால் பதிப்பு எண்ணும், எந்தெந்த வசதிகளோடு கட்டப்பட்டது என்ற நீண்ட பட்டியலும் வரும். இரண்டையும் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள்.

ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். டெபியன் 12இல் வந்த ஸ்குவிட் 5.7. மேலே சொன்ன கணக்குப்படி அது ஓட்டைப் பதிப்பு. ஆனால் டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் போன்றவர்கள் பதிப்பு எண்ணை மாற்றாமல், புதிய பதிப்பில் செய்த திருத்தத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பழையதில் ஒட்டுவார்கள். எண் 5.7 என்றே இருக்கும், ஓட்டை அடைபட்டிருக்கும். ஆகவே "டிபிகேஜி -எல் ஸ்குவிட்" என்று தட்டி முழுப் பெயரைப் பாருங்கள். 5.7க்குப் பின்னால் ஒரு வால் இருக்கும், ஒட்டுப் போடப் போட அந்த வால்தான் மாறும். "ஏபிடி சேஞ்ச்லாக் ஸ்குவிட்" என்று கேட்டால் எந்த ஒட்டில் எந்த சிவிஇ எண் அடைபட்டது என்று வரிசையாக வரும். ரெட் ஹேட் குடும்பத்தில் ஆர்பிஎம் கட்டளையிலும் இதே வசதி உண்டு. அந்தப் பட்டியலில் 2024-25111 இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மூச்சு விடலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உபுண்டு 20.04இல் வந்தது ஸ்குவிட் 4.10. அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டன. "அப்டேட் கொடுத்தேன், எல்லாம் புதுசாத்தான் இருக்குன்னு சொல்லுது" என்று ஒருவர் சொன்னால், அவர் கணினிக்கு இனி வருவதற்கு எதுவுமே இல்லை என்பதுதான் காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட பெட்டிக்குக் கீழே சொல்லும் தற்காலிக வேலைகளைச் செய்துவிட்டு, இயக்கமுறைமையையே மாற்றத் தேதி குறியுங்கள்.

எச்சரிக்கை அறிவிப்பை எப்படிப் படிப்பது?

ஸ்குவிட் குழு வெளியிடும் அறிவிப்புகள் ஒரே அச்சில் இருக்கும்: சிக்கல் என்ன, எவ்வளவு கடுமை, திருத்திய பதிப்பு எது, உங்களுடையது பாதிக்கப்பட்டதா என்று அறிவது எப்படி, மாற்று வழி உண்டா. கடுமை எண்ணைப் பார்த்துப் பதறாமல் நேராக நான்காவது பகுதிக்குப் போங்கள். பல ஓட்டைகள் ஒரு குறிப்பிட்ட வசதியைப் பயன்படுத்துபவர்களை மட்டுமே பாதிக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரல் தொகுப்பைச் சேர்த்துக் கட்டியிருந்தால்தான் என்று ஒன்று இருக்கும். நீங்கள் எடுத்து வைத்த அந்த நீண்ட பட்டியல் அப்போதுதான் உதவும்.

யார் தாக்க முடியும் என்று எழுதியிருப்பதையும் பாருங்கள். 'நம்பகமான கிளையன்ட்' என்று இருந்தால் உங்கள் ப்ராக்ஸியைப் பயன்படுத்த அனுமதி பெற்றவர், அதாவது லேபில் உட்கார்ந்திருக்கும் யாரும். அலுவலகத்தில் நான்கு பேர் என்றால் இதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். எண்ணூறு மாணவர்கள், அதில் கணினி அறிவியல் துறையும் இருக்கிறது என்றால் தள்ளிப்போட வேண்டாம். ஆர்வக் கோளாறு என்று ஒன்று உண்டு.

பயன்படுத்தாத கதவுகளை அடைப்பது

என் கணிப்பில் புதியவர் ஒருவர் ஒரு மதியத்தில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான். ஸ்குவிட்டின் ஓட்டைகளில் கணிசமானவை உங்கள் வளாகத்தில் எவரும் தொடாத வசதிகளில் இருக்கின்றன. ஈடிசி அடைவுக்குள் ஸ்குவிட், அதற்குள் ஸ்குவிட் டாட் கான்ஃப். முதலில் தேதி போட்டு ஒரு நகல் எடுங்கள். அப்புறம் திறங்கள்.

கோஃபர் என்று ஒரு பழைய நெறிமுறை. இணையப் பக்கங்கள் பரவும் முன் இருந்தது. 6.0.1க்கு முந்தைய ஸ்குவிட்டில் எப்போதும் திறந்தே இருக்கும். ஒரு கோஃபர் சர்வர் கெட்ட எண்ணம் இல்லாமலே தவறாகப் பதில் அனுப்பினாலும் ஸ்குவிட் விழும் (சிவிஇ-2023-46728). 6.0.1இல் கோஃபரையே எடுத்துவிட்டார்கள். பழையதில், ஏசிஎல் வரி (எதை விடுவது, எதைத் தடுப்பது என்று அடையாளம் காட்டும் வரி) ஒன்றில் ப்ரோட்டோ வகையில் கோஃபரைக் குறித்து ஒரு பெயர் வைத்து, அடுத்த வரியில் எச்டிடிபி_ஆக்சஸ் டினை (தடு) என்று அந்தப் பெயரைப் போடுங்கள். யுஆர்என் என்ற இன்னொரு முகவரி வகைக்கும் இதே மாதிரி இரண்டு வரி. அதிலுள்ள ஓட்டை (சிவிஇ-2025-54574) 6.3 வரையான பதிப்புகளைப் பாதிக்கும்; விழுவதோடு நிற்காமல் நினைவகத்தில் இருப்பதைக் கசியவிடவும் வாய்ப்புண்டு. இந்த இரண்டையும் மூடிவிட்டீர்கள் என்று யாரும் உங்களிடம் புகார் சொல்ல வர மாட்டார்கள்.

கேச் மேனேஜர் என்பது ஸ்குவிட்டின் உள்நிலவரத்தைக் காட்டும் பக்கம். அதில் பிழைச் செய்தி வரும் இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது, 6.6இல் அடைத்தார்கள். நீங்கள் அதைப் பார்ப்பதே இல்லை என்றால் மேனேஜருக்கும் டினை. ஃபாலோ_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இன்னொரு ப்ராக்ஸிக்குப் பின்னால் உங்களுடையது உட்கார்ந்திருந்தால் மட்டுமே அது தேவை. அப்படி இல்லாதபோதும் அந்த வரி இருந்தால், முன்னால் யாரோ எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள், எடுத்துவிடுங்கள். இதுவும் 6.6இல் அடைபட்ட ஓட்டைதான், தட்டு அடுக்கும் கதையேதான். கொலாப்ஸ்டு_ஃபார்வர்டிங் என்பது ஆன் என்று இருந்தால் 6.0.1க்கு முந்தைய பதிப்பில் அதை நீக்குங்கள். ஆத்_பாரம் வரிகளில் டைஜெஸ்ட் என்ற சொல் இருந்தால், 6.4க்கு முந்தைய பதிப்பில், உள்நுழைவு விவரம் சரிபார்க்கும் இடத்திலேயே விழவைக்க முடியும். அதற்குத் திருத்தம் வரும்வரை அந்த முறையை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். பயனர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இந்த வரிகளை எங்கே போடுவது என்பதில்தான் பாதிப் பேர் சறுக்குவார்கள். எச்டிடிபி_ஆக்சஸ் வரிகளை ஸ்குவிட் மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். உள்வலையை அனுமதிக்கும் வரி மேலே இருந்து, உங்கள் தடை கீழே இருந்தால், அந்தத் தடை இருந்தும் இல்லாத மாதிரிதான். தடைகள் எல்லாம் அனுமதிகளுக்கு மேலே. எல்லோருக்கும் டினை என்ற வரி கடைசியில். அது இல்லாவிட்டால் கடைசி வரிக்கு எதிரானதை ஸ்குவிட் எடுத்துக்கொள்ளும், அது உங்களுக்கு வேண்டியதாக இருக்காது.

அப்படியே வெளிவாசலையும் பாருங்கள். எச்டிடிபி_போர்ட் 3128 என்று மட்டும் இருந்தால் கணினியின் எல்லா முகவரிகளிலும் காது கொடுக்கும். உள்வலை முகவரியைச் சேர்த்து, உதாரணமாக 192.168.10.2:3128 என்று, கட்டிப்போடுங்கள். பிறகு போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் உங்கள் அலுவலக வெளிமுகவரியின் 3128ஐத் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ரவுட்டரில் யாரோ போர்ட் திறந்து வைத்திருக்கிறார்கள். அதை அன்றே மூடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். சோதனை எல்லாம் உங்கள் பொறுப்பில் உள்ள கணினியில் மட்டும். பக்கத்துக் கல்லூரி எப்படி என்று ஆர்வத்தில் தட்டிப் பார்த்தால் அது குற்றம்.

ஒருவருக்கு இத்தனை இணைப்புதான் என்று கட்டுப்படுத்த கிளையன்ட்_ஐபி_மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் என்ற வரி இருக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் விடுதியில் ஒரு வைஃபை ரவுட்டருக்குப் பின்னால் அறுபது பேர் ஒரே முகவரியோடு வருகிறார்கள் என்றால், அறுபது பேரும் ஸ்குவிட்டுக்கு ஒரே ஆள். அந்த இடங்களில் இதைப் போட்டால் தாக்குதலை நீங்களே நடத்திய மாதிரி ஆகிவிடும்.

மாற்றியதை அமல்படுத்துவது

"ஸ்குவிட் -கே பார்ஸ்" என்று முதலில் தட்டுங்கள். கோப்பில் எழுத்துப்பிழை இருந்தால் வரி எண்ணோடு சொல்லும். அது சுத்தமாக வந்த பிறகு "ஸ்குவிட் -கே ரீகான்ஃபிகர்". முழுதாக நிறுத்தித் தொடங்க வேண்டிய அவசியமில்லை. நிறுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் முடியட்டும் என்று வழக்கமாக 30 விநாடி காத்திருந்துதான் அடங்கும். இது தெரியாமல், தொங்கிவிட்டது என்று நினைத்துப் பவர் பட்டனை அழுத்துபவர்கள் உண்டு.

தடை வேலை செய்கிறதா என்று லேப் கணினி ஒன்றிலிருந்து கர்ல் கட்டளையில் (இணைய முகவரியைக் கேட்டுப் பார்க்கும் கருவி) ப்ராக்ஸியின் முகவரியையும் போர்ட்டையும் தள முகவரியாகக் கொடுத்து, --ரிக்வெஸ்ட்-டார்கெட் என்ற தேர்வில் ஒரு கோஃபர் முகவரியைக் கேளுங்கள். ஆக்சஸ் டாட் லாக்கில் டிசிபி_டினைடு என்று விழ வேண்டும்.

பதிப்பை உயர்த்தும் வேலையைச் சனிக்கிழமை மாலைக்கு வையுங்கள். மலையில் என்றால் மின்சாரம் எப்படி என்று பார்த்துக்கொண்டு, யுபிஎஸ் பேட்டரி நிற்கிறதா என்று சோதித்த பிறகு. "ஏபிடி அப்டேட்", பிறகு ஸ்குவிட்டை மட்டும் உயர்த்தும் கட்டளை. 4 அல்லது 5இலிருந்து 6க்குத் தாவினால் பழைய அமைப்பு வரிகள் சில செல்லாமல் போகும், ஆகவே மறுபடி பார்ஸ். புதிதாகவே ஒரு பெட்டி போடுகிறீர்கள் என்றால் 6.10க்குக் கீழே போகாதீர்கள். இங்கே பெயர் சொன்ன ஓட்டைகள் எல்லாம் அதற்குள் அடைபட்டுவிட்டன. 2025இல் 7ஆம் வரிசையும் வந்துவிட்டது.

அப்படியும் ஸ்குவிட் விழுந்தால் என்ன வழி?

எத்தனை அடைத்தாலும் அடுத்த ஆண்டு புதிதாக ஒன்று வரும். அதனால் இரண்டாவது வாசல் ஒன்றை யோசியுங்கள். பிஏசி கோப்பு என்று உண்டு. எந்த ப்ராக்ஸிக்குப் போவது என்று பிரவுசருக்குச் சொல்லும் சின்ன ஸ்கிரிப்ட். அதில் முதல் ப்ராக்ஸி, அது பதில் சொல்லாவிட்டால் இரண்டாவது என்று எழுதலாம். இரண்டாவதாக நேரடி இணைப்பு என்றும் எழுதலாம். ஜவ்வரிசி ஆலை அலுவலகமோ கொலுசு மொத்த வியாபாரமோ என்றால் நான் நேரடியாகத்தான் விடுவேன்; பில் போடுவது நிற்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் விடுதிப் பள்ளியில் அப்படி விடக் கூடாது. ப்ராக்ஸியை விழவைத்தால் தடுத்த தளங்கள் எல்லாம் திறக்கும் என்று பசங்களுக்குத் தெரிந்த அன்றிலிருந்து அது தினமும் விழும். அங்கே பழைய கணினி ஒன்றில் இரண்டாவது ஸ்குவிட் போடுங்கள், முடிந்தால் முதலாவதில் இருப்பதை விட வேறு பதிப்பில்.

கடைசியாக ஒரு கண்காணிப்பு. ப்ராக்ஸி வழியாக ஒரு பக்கத்தைக் கேட்டு, பதில் வராவிட்டால் உங்களுக்குச் செய்தி அனுப்பும் நாலு வரி ஸ்கிரிப்டை 5 நிமிடத்துக்கு ஒருமுறை கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் லினக்ஸ் வசதி) ஓடவிடுங்கள். கூடவே, பொதுப் பதிவில் சிக்னல் 11 என்ற வரி புதிதாக வந்தாலும் சொல்லட்டும். விழுந்து உடனே எழுந்துவிட்டால் முதல் சோதனையில் தெரியாது. செய்தி அனுப்பும் பகுதி ப்ராக்ஸி வழியாக வெளியே போகும்படி வைத்துவிடாதீர்கள். ஸ்கிரிப்டையும் ப்ராக்ஸி பெட்டியிலேயே வைக்க வேண்டாம். வேறு கணினியில் வைத்து, பதிவு வரிகளை அங்கே அனுப்பச் சொல்லுங்கள்.